வீட்டைச் சூடாக்க மண்ணைத் தோண்டலாமா?

நம் ஊரில் வீடு பார்க்கும்போது காற்று வருமா, தண்ணீர் வருமா என்று கேட்போம். கனடாவில் முதல் கேள்வியே, "வீட்டுக்குச் சூடு எதில்?" என்பதுதான். நாங்கள் இருப்பது ஒன்டாரியோ மாகாணத்தில், டொரான்டோவிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் ஒரு கிராமம். ஜனவரி ராத்திரிகளில் மைனஸ் 25 டிகிரிகூட ஆகிவிடும். நகரத்துக்காரர்களுக்குத் தெருவிலேயே எரிவாயுக் குழாய் உண்டு. எங்கள் சாலைக்கு அது வரவில்லை. ஆகவே எண்ணெயில் எரியும் ஃபர்னஸ்தான். வருஷத்துக்கு 2,500 லிட்டர் குடிக்கும். 2022-இல் எண்ணெய் விலை ஏறியபோது, லாரிக்காரர் பில்லை நீட்டிய நாளெல்லாம் நான் மளிகைக் கணக்கைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

அந்த ஃபர்னஸுக்கு வயது 22. "இன்னும் ஒரு குளிர்காலம் தாங்கினால் அதிகம்" என்று பழுது பார்க்க வந்தவர் சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவே என் கணவர், "ஜியோதெர்மல் போட்டுடலாமா?" என்று ஆரம்பித்தார்.

"என்னங்க அது, எரிமலையா?" என்றேன்.

என் மாமியார்தான் அதை எனக்குப் புரிய வைத்தார். அவருக்கு 80 வயது, தஞ்சாவூர்ப் பக்கம். "ஏம்மா, மார்கழி விடியக்காலையில கிணத்துத் தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், சித்திரையில அதே தண்ணி ஜில்லுன்னு இருக்கும். மேலே காத்துதான் மாறுது, அடியில மண்ணு அப்படியேதான் இருக்கு. அதைத்தானே சொல்றான்?" என்றார்.

அதேதான்! இங்கே குளிர்காலத்தில் நிலம் நாலடி வரை உறையும். அதற்குக் கீழே உறைவதில்லை. ஆழம் போகப் போக, வருஷம் முழுக்க 8, 10 டிகிரியிலேயே நிற்கும். ஆறடிப் பள்ளத்தில் பிளாஸ்டிக் குழாயைப் பதித்து, உறையாத மருந்து கலந்த தண்ணீரை அதில் சுற்றவிடுகிறார்கள். அது மண்ணின் சூட்டை வாங்கி வரும். வீட்டுக்குள் இருக்கும் ஹீட் பம்ப் அந்தச் சூட்டைத் திரட்டிக் கொடுக்கும். ஃபிரிட்ஜின் பின்பக்கத்தைத் தொட்டால் சுடுகிறதல்லவா? உள்ளேயிருந்து இழுத்த சூடுதான் அது. இதுவும் அதே வேலைதான். கோடையில் திருப்பி ஓட்டினால் வீட்டுச் சூட்டை மண்ணில் கொண்டு போய் விடும், தனியாக ஏ.சி. வேண்டாம். ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று, நாலு பங்கு சூடு கிடைக்கும். புது விஷயமும் அல்ல. ஸ்விட்சர்லாந்துக்காரர் ஹைன்ரிக் ஸோல்லி 1912-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. விலையைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. 44,000 டாலர்! புது எண்ணெய் ஃபர்னஸும் ஏ.சி.யும் சேர்ந்தே 12,000-க்குள் முடிந்துவிடும். எங்கள் பெண் இன்னும் மூன்று வருஷத்தில் காலேஜ் போக வேண்டும். "அவ படிப்புக்கு வெச்சிருக்கிற பணத்தை மட்டும் தொடக் கூடாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். 2021-இல் மத்திய அரசு 5,000 டாலர் வரை கொடுத்துவந்த உதவித் திட்டமும், 2024 தொடக்கத்தில் ஒன்டாரியோவில் புது விண்ணப்பங்களுக்குக் கதவை மூடிவிட்டது.

வேலைக்காரரைக் கூப்பிடும் முன், வீடு எங்கெங்கே சூட்டை இழக்கிறது என்று அளக்கச் சொன்னோம். இங்கே அதற்கென்று சி.எஸ்.ஏ. எஃப் 280 என்ற கணக்கு முறையே இருக்கிறது. பரணில் காப்புப் பஞ்சு போதவில்லை. ஜன்னல் ஓரமெல்லாம் இடுக்கு. 4,000 டாலரில் அவற்றைச் சரி செய்ததும், 5 டன் இயந்திரம் தேவைப்பட்ட வீட்டுக்கு 4 டன்னே போதும் என்றாயிற்று. விலையும் 38,000-க்கு இறங்கியது. சகோதரிகளே, ஓட்டைப் பானையில் எத்தனை குடம் ஊற்றினால் என்ன?

காற்றிலிருந்தே சூடு எடுக்கும் ஹீட் பம்பும் உண்டு. அது பாதி விலைதான். பக்கத்து வீட்டில் அதைத்தான் போட்டார்கள். அவர்களுக்கு அது சரி. ஆனால் குளிர் கடுமையாகும்போது அதன் வலு குறையும். மூட்டு வலிக்காரக் கிழவியை வைத்துக்கொண்டு அந்த நாட்களில்தான் எனக்குச் சூடு வேண்டும்.

கடைசியில் அடுக்களை மேஜையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தோம். ஃபர்னஸுக்கென்று சேர்த்திருந்த 12,000 போக, 26,000 கடன். பத்து வருஷத்துக்கு, வட்டியோடு மாதம் 290 டாலர். எண்ணெய்ச் செலவில் மிச்சமாவது மாதம் 210 போல. ஆக, பத்து வருஷம் மாதம் 80 டாலர் கையைவிட்டுப் போகும். பிறகுதான் லாபம். நன்றாகப் பதித்த குழாய் ஐம்பது வருஷம் மண்ணில் கிடக்கும். இயந்திரம் இருபது வருஷத்துக்குக் குறையாமல் உழைக்கும்.

"பத்து வருஷம் இந்த வீட்டிலேயே இருப்போமா?" என்று கேட்டார் இவர்.

"நான் வேற எங்கே போகப் போறேன்?" என்றார் அத்தை. மாதம் 80 டாலர் அதிலேயே தீர்மானமாகிவிட்டது.

செப்டம்பரில் தோண்டினார்கள். செப்டிக் டாங்க் குழிக்கும் குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் எட்டத்தில் கோடு போட்டார்கள். என் அவரைப் பந்தல் போயிற்று. அடுத்த கோடையில் மறுபடி போட்டேன். அதன் மேல் காய்கறி போடலாம். ஆழமாக வேர் விடும் மரமும் கட்டடமும்தான் கூடாது.

ஒரு குளிர்காலம் கழிந்துவிட்டது. காற்று, எண்ணெய் ஃபர்னஸ் மாதிரிச் சுடச்சுட அடிக்காது; இதமாக, விடாமல் வரும். அத்தை முதல் வாரம், "இது சூடா?" என்று முனகினார். அப்புறம் இரண்டாவது ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டார். மின்சாரம் நின்றால் இதுவும் நிற்கும். பழைய ஃபர்னஸும் அப்படித்தான். 2013 டிசம்பர் ஐஸ் புயலில் இங்கே பலருக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அதனால் விறகு அடுப்பை வைத்திருக்கிறோம்.

இங்கே குடித்தனம் நடத்தும் தங்கைகள் கேட்டால் நான் சொல்வது நாலே கேள்விகள். இப்போது எதை எரிக்கிறீர்கள்? தெருவில் எரிவாயு இருந்தால் கணக்கே வேறு. வீட்டின் இடுக்குகளை அடைத்தாயிற்றா? தோண்ட இடம் உண்டா? எத்தனை வருஷம் அங்கே இருப்பீர்கள்? விடைகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 'நமக்கு வேண்டாம்' என்று வந்தால், அந்தத் தாளும் உங்களுக்கு லாபம்தான்.