பூசி மெழுகுவது

"பூசி மெழுகிவிட்டான்" என்று நம்மவர்கள் ஒருவனைப் பற்றிச் சொன்னால், அது பாராட்டு அல்ல. குற்றத்தை மறைத்தவன், கணக்கைச் சரிக்கட்டியவன், கேட்ட கேள்விக்கு நேரான பதில் சொல்லாதவன் என்று அர்த்தம். ஆனால் இந்த வழக்கை உண்டாக்கிய மனிதர் ஒரு நாளாவது குனிந்து வீடு மெழுகியவராக இருக்க முடியாது. மெழுகிய பெண்களைக் கேட்டுப் பாருங்கள். பொரிந்த தரையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேல் எத்தனை சாணம் பூசினாலும், மறுநாளே பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்துவிடும் என்பார்கள்.

காருக்குப் பெயிண்ட் அடிக்கிற விஷயத்திலும் இதே தப்பபிப்பிராயம்தான். பழைய கார் வாங்கப் போகிறவர் கதவில் புது மெருகைக் கண்டால், 'அடியில் என்ன இருக்கிறதோ!' என்று சந்தேகப்படுகிறார். சந்தேகம் நியாயமானதே. ஆனால் மறைப்பதற்காக அடித்த பெயிண்ட் வெகு நாள் மறைத்துக் கொண்டிருப்பதில்லை. இதைச் சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு மாசி மாதத்தில், கும்பகோணத்தில் என் மைத்துனர் வீட்டு வாசலில் மூன்று நாள் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்து கொண்டேன்.

மைத்துனரிடம் ஒரு வெள்ளை மாருதி 800 இருந்தது. 1983 டிசம்பரில் முதல் வண்டி கைமாறியதிலிருந்து 2014-ல் உற்பத்தி நின்றது வரை, எத்தனையோ நடுத்தரக் குடும்பங்களை ஸ்கூட்டரிலிருந்து இறக்கிக் காரில் ஏற்றிய வண்டி அது. பெண்ணைக் கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ப்பதற்காக அதை விற்க வேண்டியிருந்தது. இடது பின் கதவு எப்போதோ கேட்டுத் தூணில் உரசி உள்வாங்கித் துருவேறிக் கிடந்தது. பின் பம்பரில் பழைய பெயிண்ட் வாழைப்பட்டை மாதிரி உரிந்து தொங்கியது. பட்டறையில் பதினாலாயிரம் கேட்டார்கள்.

"வீட்டிலேயே அடித்துவிடலாம், அத்தான்" என்றார் மைத்துனர். கணக்கு வாத்தியார் அவர். எந்தக் கணக்கையும் வீட்டிலேயே போட்டுவிடலாம் என்ற நம்பிக்கை உள்ளவர்.

நல்ல வேளையாக அடுத்த தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். நாற்பது வருஷம் கார்களுக்கு வர்ணம் அடித்து ஓய்ந்தவர். அம்பாசடர் காலத்து மனிதர். அவர் வாயில் கார் பெயிண்ட் எல்லாமே 'டூகோ'தான். அமெரிக்காவின் டியூபாண்ட் கம்பெனி வைத்த பெயர் அது. அதற்கு முன்னால், குதிரை வண்டிக்குப் பூசுகிற மாதிரி, காருக்கும் பிரஷ்ஷால் வார்னிஷ் பூசி வாரக்கணக்கில் உலர வைத்தார்கள். ஃபோர்டின் மாடல் டி கார் 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே கிடைத்தது. வெடிமருந்துப் பஞ்சுக்கு நெருங்கிய உறவான நைட்ரோசெல்லுலோஸைக் கரைத்துத் தெளிக்கிற டூகோ வந்ததும், வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. 1924-ம் வருஷத்து ஓக்லண்ட் கார்கள் நீல டூகோவில் பவனி வந்தன. பெயர் கடல் கடந்து வந்து நம் பட்டறைகளிலும் நிலைத்துவிட்டது.

பெரியவர் ஒரு முக்காலியைப் போட்டு வாசலில் உட்கார்ந்தார். முதல் நாள் முழுவதும் பெயிண்ட் டப்பாவைத் திறக்கவே விடவில்லை. வண்டியைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவச் சொன்னார். பாலிஷில் இருக்கிற மெழுகோ சிலிகோனோ ஒரு துளி மிஞ்சினாலும், அந்த இடத்தில் பெயிண்ட் விலகி மீன் கண்ணைப் போல் வட்டமாக நின்றுவிடுமாம். பிறகு 80-ம் நம்பர் உப்புத் தாள். துரு போய்த் தகடு வெள்ளியாக மின்னுகிற வரையில் தேய்க்க வேண்டும். ஒரு கடுகளவு துருவை விட்டுவைத்தாலும் அது உள்ளே இருந்துகொண்டு வளரும். ஒரு மழைக்காலம் போனால் பெயிண்ட் கொப்பளிக்கும்.

கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி, பள்ளத்தை உள்ளிருந்து தட்டி வெளியே கொண்டு வந்தார்கள். மிச்சமிருந்த சொற்பப் பள்ளத்துக்குத்தான் பட்டி. பள்ளத்தைத் தட்டாமல் அப்படியே பட்டியைக் குழைத்து அப்புகிறவர்கள் உண்டு. தடித்த பட்டி நாளடைவில் சுருங்கும், வெடிக்கும். பட்டி காய்ந்ததும் 180, அப்புறம் 320 என்று தாளை மாற்றி மாற்றி, தண்ணீர் படாமல் தேய்க்க வேண்டும். பட்டி தண்ணீரைக் குடித்துவிட்டால் அது அடியிலிருக்கும் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும்.

"ஆச்சு, வழவழன்னு இருக்கு" என்றார் மைத்துனர்.

பெரியவர் மேல்துண்டை ஒற்றையாகக் கதவின்மேல் விரித்து, கண்ணை மூடிக்கொண்டு, துணிக்கு மேலே உள்ளங்கையை ஓட்டினார்.

"கண்ணு ஏமாத்தும், வாத்தியாரய்யா. கை ஏமாத்தாது. இங்கே ஒரு மேடு."

மறுபடியும் தேய்த்தார் வாத்தியார். பிறகு பெரியவர் இடுப்பு மடியிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக் கதவில் வைத்தார். இரும்பு பக்கத்தில் இருந்தால் காந்தம் ஒட்டும். பட்டி கனத்திருந்தால் வழுக்கி விழும். ஒட்டிக்கொண்டு நின்றது.

பம்பரின் கதை வேறு. அது பிளாஸ்டிக். உள்பக்கம் 'பி.பி.' என்று முத்திரை இருந்தது. பாலிப்ரொப்பிலீன் என்று பொருள். எந்தப் பெயிண்டும் லேசில் ஒட்டாத பிளாஸ்டிக் அது. அதற்கென்று இருக்கிற பிளாஸ்டிக் பிரைமரை முதலில் மெல்லத் தெளிக்காததால்தான், முன்னால் யாரோ அடித்த பெயிண்ட் பட்டை பட்டையாக உரிந்தது.

இரண்டாம் நாள் பிரைமர் அடித்தார்கள். சாம்பல் நிறம் ஒரே சீராகப் படிந்ததும், அதுவரை கண்ணில் படாத கீறல்களெல்லாம் எழுந்து நின்றன! 600-ம் நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மறுபடியும் தேய்த்தார்கள். அப்போதுதான் எனக்குச் சங்கதி புரிந்தது. மேலே போகப் போக எல்லாம் மறையும் என்று நாம் நினைக்கிறோம். நடப்பது அதற்கு நேர்மாறு. பளபளப்பு என்பது ஒரு கண்ணாடி. அடியில் இருக்கிற குறையை ஒன்றுக்கு இரண்டாகக் காட்டும்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குமேல், பனி ஈரம் போன பிறகு, வர்ணம். ஈரக் காற்றில் அடித்தால் தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பெயிண்ட் பால் தெளித்தாற்போல் வெளுத்துவிடும். ஐப்பசியில் இந்த வேலை ஆகாது. புழுதி எழாமலிருக்க, கோலம் போடப் போகிற மாதிரி வாசலுக்குத் தண்ணீர் தெளித்தார்கள். சமையலறையில் அடுப்பை அணைக்கச் சொன்னார் பெரியவர். தின்னர் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்து போய் நெருப்பைத் தேடிப் பிடிக்கும்.

"விளக்கு வைக்கிற நேரத்துக்குள்ளே முடிஞ்சுடுமா, அண்ணா?" என்று மைத்துனரின் மனைவி என்னைக் கேட்டாள்.

வெள்ளையில்தான் எத்தனை வெள்ளை! காரிலிருந்த தகட்டில் எண்ணைப் பார்த்து வாங்கிய பெயிண்ட்கூட, வெயிலில் வெளிறிய வண்டியோடு சேரவில்லை. ஒரு தகரத் துண்டில் அடித்து வெயிலில் பிடித்துப் பார்த்து, மஞ்சள் ஒரு சொட்டுக் கூட்டினார் பெரியவர். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த தூரத்தில் ஸ்பிரே கன்னைப் பிடித்து, மணிக்கட்டை மடக்காமல், கதவுக்கு இணையாகக் கையை ஓட்ட வேண்டும். ஒரு வரியின் பாதிமேல் அடுத்த வரி விழ வேண்டும். நின்றால் வழியும், விரைந்தால் சொரசொரக்கும். முதல் கோட்டில் அடி நிறம் தெரிந்தால் தெரியட்டும் என்று விட்டுவிட வேண்டும். கால் மணி நேரம் விட்டு அடுத்தது. அப்படி மூன்று.

இதையெல்லாம் பெரியவர் தெருக்கோடியில் நின்றுதான் சொன்னார். மைத்துனர் முகத்தில் கரி அடைத்த குப்பிகள் வைத்த முகமூடி கட்டியிருந்தார். ஆனாலும் கன் சீறத் தொடங்கியதுமே பெரியவர் எழுந்து போய்விட்டார். போகும்போது இருமல். நின்று, தூணைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் இருமல்.

அதற்கு முதல் நாள் மைத்துனர் ஆசையாக இரண்டு டப்பா வாங்கி வந்திருந்தார். ஒன்றோடொன்று கலந்து அடித்தால் கண்ணாடி போல் இறுகுகிற மேல்பூச்சு. பட்டறைகளில் இப்போது அதுதான். பெரியவர் கையோடு திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார். இறுக வைக்கிற டப்பாவில் ஐசோசயனேட் என்ற மருந்து இருக்கிறது. கெடுதல் செய்கிற அளவு காற்றில் கலந்திருந்தாலும் மூக்குக்குத் தெரியாமல் போகலாம். கைக்குட்டை அதைத் தடுக்காது. வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று வருகிற முகமூடி வேண்டும். நுரையீரல் ஒரு தரம் அதற்குப் பகையாகிவிட்டால், பிறகு துளி பட்டாலும் மூச்சிறைக்கும். ஸ்பிரே பெயிண்டர்களுக்குத் தொழிலால் வருகிற ஆஸ்த்மாவுக்கு அது முக்கியமான காரணம். பெரியவர் கடைசிப் பத்து வருஷம் அதை வாயில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடித்தவர்.

"பளபளப்பு கம்மியா இருந்தா என்ன? மூச்சு இருக்கணுமில்லே" என்றார்.

மருந்து கலக்காத அக்ரிலிக் பெயிண்டையே அடித்து, ஒரு வாரம் காயவிட்டு, ரப்பிங் காம்பவுண்டால் தேய்த்து மெருகேற்றினார் மைத்துனர். கம்ப்ரஸர் வாடகை உள்பட ஐயாயிரத்துக்குள் ஆயிற்று.

கார் வாங்க வந்தவரிடம், அவர் வாய் திறப்பதற்கு முன்பே, "இந்தக் கதவும் பம்பரும் நான் வீட்டில் அடித்தது. கதவில் பள்ளம் இருந்தது" என்று சொல்லிவிட்டார். வந்தவர் காந்தத்தை வைத்துப் பார்த்தார். ஒட்டியது. இருந்தாலும் பேச்சைச் சாக்காக வைத்து இரண்டாயிரம் குறைத்தார்.

"கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வானேன்?" என்று என் மனைவி தம்பியிடம் கோபித்துக் கொண்டாள். அவள் கோபத்திலும் அர்த்தம் இருந்தது. அந்த இரண்டாயிரம் பெண்ணின் படிப்புக்கு உரியது. மைத்துனர் பதில் சொல்லவில்லை. மூன்று நாள் தன் கையால் சுரண்டித் துருவைப் பார்த்தவருக்கு அதை வாயால் மூடி வைக்க வரவில்லை என்று நான் நினைத்துக் கொண்டேன்.

நம்மில் பெரும்பாலோர் இந்த வேலையை வீட்டில் செய்யப் போவதில்லை. பட்டறையில் விடுவோம், பணம் கொடுப்போம், முகம் தெரிகிற மெருகைப் பார்த்துத் தலையை வாரிக் கொள்வோம். அடுத்த தடவை அப்படிப் போகும்போது, அதை அடித்த ஆளைக் கொஞ்சம் கூப்பிட்டுப் பாருங்கள். வாயில் கட்டியிருப்பது கைக்குட்டைதான் என்றால் முதலாளியிடம் நாலு வார்த்தை கேளுங்கள். நல்ல முகமூடிக்காகப் பில்லில் கொஞ்சம் கூடினால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். தகட்டின் துருவைச் சுரண்டி எடுத்துவிடலாம். நெஞ்சுக்குள் போனதைச் சுரண்ட உப்புத் தாள் கிடையாது.