அல்பி நகரின் செங்கல் மாளிகை

துலூஸ் நகரிலிருந்து அல்பிக்குப் புகைவண்டியில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். பாரிஸ் நகரில் வாழும் என் தங்கையின் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு ஒரு கோடை விடுமுறையில் அங்கே சென்றேன். மருமகளுக்கு வயது பதினொன்று; மருமகனுக்கு எட்டு. தாம் பிறந்த நாட்டின் பெரும் ஓவியர் ஒருவரை அவர்களுக்கு அறிமுகஞ் செய்துவைக்க வேண்டும் என்பது என் ஆசை. அதை நான் தொடங்கிய விதந்தான் பிழையாய்ப் போயிற்று.

ஆன்றி த துலூஸ் லோத்ரெக் 1864ஆம் ஆண்டு அல்பியிலே ஒரு பிரபு குடும்பத்திற் பிறந்தார். அவருடைய தாயும் தந்தையும் இரு சகோதரிகளின் பிள்ளைகள். நம்மவர் முறைப்படி அண்ணன் தங்கை ஆவார்கள். பிள்ளைக்கு எலும்புகள் வலுவற்றிருந்தன. 1878இல் கதிரையொன்றிலிருந்து விழுந்து ஒரு தொடை எலும்பும், மறு ஆண்டில் மற்றையதும் முறிந்தன. அதன்பின் கால்கள் வளரவில்லை. உயரம் ஐந்தடியளவில் நின்றுவிட்டது. இவ்வளவையும் புகைவண்டியிலேயே உருக்கமாகச் சொல்லி முடித்தேன். சின்னவன் வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

அல்பி முழுவதும் செங்கல்லாலான ஊர். 1282இல் கட்டத் தொடங்கிய புனித செசிலியா பேராலயம் கோட்டைபோல் நிமிர்ந்து நிற்கிறது. அதன் அருகே, தார்ன் ஆற்றைப் பார்த்தபடி, முற்காலத்து ஆயர்கள் வாழ்ந்த பெர்பி மாளிகை. லோத்ரெக் 1901இல் தமது 36ஆவது வயதிற் காலமானபின், அவருடைய தாயாரும் மொரிஸ் ஜுவாயான் என்னும் நண்பரும் அவரிடம் எஞ்சியிருந்த ஓவியங்களை இவ்வூருக்கு வழங்கினர். 1922 முதல் அந்த மாளிகை அவர் பெயரால் நூதனசாலையாக விளங்குகிறது.

உள்ளே நுழைந்ததும் சின்னவன் படங்களைப் பார்க்கவில்லை. "எங்கை மாமா அந்தக் கட்டை மனுசன்?" என்று ஒவ்வொரு சுவரிலும் தேடினான். எனக்கு வெட்கமாயிற்று. தமக்கையோ ஒரு படத்தின் முன் அசையாது நின்றாள். ஓவியர் தம் தாயாரைக் காலை உணவு வேளையிலே தீட்டிய படம் அது. கண்களைத் தாழ்த்தி, கோப்பையின் முன்னே அமைதியாக இருக்கிறார் அந்த அம்மையார். தீட்டியபோது மகனுக்கு இருபது வயதும் நிறையவில்லை.

"அம்மாவும் எங்களைப் பள்ளிக்கு அனுப்பிப்போட்டு இப்பிடித்தான் இருப்பா," என்றாள் அவள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்கள் அவரின்ரை காலைப் பற்றி மட்டுந்தானே சொன்னீங்கள்," என்றாள். என்னிடம் மறுமொழி இல்லை.

சுவரொட்டிகள் இருந்த அறையில் சின்னவனுக்கும் உற்சாகம் பிறந்தது. பிள்ளைகள் வசிக்கும் லா சப்பல் பகுதியிலிருந்து மொன்மார்த்ர் குன்று நடைதூரம். அதன் அடிவாரத்து மூலான் றூஜ் நடனசாலையின் சிவப்புக் காற்றாலை அவர்களுக்குப் பழக்கமானது. அந்த நடனசாலைக்காக 1891இல் லோத்ரெக் செய்ததே அவருடைய முதற் சுவரொட்டி. உயரம் ஆறடிக்கு மேல். பின்னே கூட்டம் முழுவதும் கறுப்பு நிழல். நடுவே 'பெருந்தீனிக்காரி' என்ற பட்டப்பெயருடைய ஆட்டக்காரி. முன்னே 'எலும்பில்லாதவன்' என்று பெயர்பெற்ற வலன்டின், நெடிய மூக்கும் தொப்பியுமாக. பெயரைக் கேட்டதும் சின்னவன் அவனைப்போலவே வளைந்து காட்டினான், காவலர் சிரித்துவிட்டார்.

இவை எப்படி அச்சாயின என்பதையும் சொன்னேன். சுண்ணக்கற் பலகையிலே கொழுப்புக் கலந்த மையினாற் கீறி, கல்லை நீரால் நனைத்து, அச்சுமையை உருட்டினால், கீறிய இடத்தில் மட்டும் மை பற்றும். ஈரமான இடம் அதைத் தள்ளிவிடும். நிறத்துக்கு ஒரு கல். தூவானம்போன்ற புள்ளிகளுக்கு அவர் பல் துலக்கும் தூரிகையை மையில் தோய்த்துத் தெறிப்பாராம். இச்செய்தியைத் தங்கையின் வீட்டுச் சுவர்களை எண்ணியாவது நான் மறைத்திருக்கலாம்.

பாடகர் அரிஸ்ரீட் புருவான், கரிய மேலங்கியும் சிவந்த கழுத்துத்துணியுமாக, இரண்டே வீச்சில் தீட்டியவர்போல் நிற்கிறார். அந்த 1892ஆம் ஆண்டுச் சுவரொட்டியைப் பாட்டுச்சாலைக்காரர் விரும்பவில்லை. அது ஒட்டப்படாவிட்டால் தாம் பாடமாட்டேன் என்று புருவான் பிடிவாதமாக நின்றார். இவெத் கில்பேர் என்ற பாடகியின் கதை வேறு. நீண்ட கறுப்புக் கையுறைகளோடு அவரைக் காட்டும் சுவரொட்டிக்காக 1894இல் வரைந்த பெரிய மாதிரிப்படம் இங்கே உள்ளது. தம்மை இவ்வளவு அவலட்சணமாக வரையலாமா என்று அவர் மறுத்துவிட்டார்.

"வடிவில்லைத்தான். ஆனால் அவ பாடுறது கேக்குது," என்றாள் மருமகள்.

கில்பேர் அம்மையாரும் பின்னர் மனமிரங்கினார் போலும். லோத்ரெக் அவரைத் தீட்டிய படங்கள் அதே ஆண்டு ஒரு தொகுப்பாக 100 பிரதிகள் வெளிவந்தபோது, ஒவ்வொன்றிலும் அவர் தம் கையொப்பத்தை இட்டார்.

மாலையில் ஆற்றை நோக்கிய மாளிகைத் தோட்டத்தில் இளைப்பாறினோம். மருமகள் தன் கொப்பியை எடுத்து நெடுநேரம் ஏதோ கீறினாள். வாங்கிப் பார்த்தேன். என் வழுக்கை, தொங்கிய கன்னம், மூக்கு நுனியிற் கிடக்கும் கண்ணாடி. ஒன்றையும் அவள் விடவில்லை. பேனாவை என்னிடம் நீட்டினாள். சற்றுத் தயங்கிவிட்டு, கையொப்பம் இட்டேன்.