ஸ்டெப்னி கேட்ட கேள்வி

பட்டுக்கடைக்காரனுக்கு எதற்கு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்று காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் என்னைக் கேட்காத ஆள் இல்லை. ஜவ்வாது மலைக்குப் போக என்பேன். போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் வரை நல்ல தார் ரோடு. தார் ரோட்டுக்கு மஹிந்திரா தார் தேவையில்லை என்பது எனக்கும் தெரியும். கடை வாசலில் நிற்கும்போது பின்னாலிருந்து பார்ப்பவன் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். உள்ளே இருந்த ஆசை அதுதான். அதற்காகவே கம்பெனி டயர்களைக் கழற்றிவிட்டு 33 அங்குல டயர் போட்டேன். ஸ்டெப்னியைத் தாங்கும் பின்பக்கக் கேரியர் தேடி அலைந்தது அதற்குப் பிறகு.

2020 அக்டோபரில் வந்த தாரில், 18 அங்குல ரிம் உள்ள வண்டிக்கு டயர் 255/65 ஆர்18. உயரம் ஏறக்குறைய 31 அங்குலம். ஸ்டெப்னி பின்கதவில் தொங்கும். கதவின் கீலும் பூட்டும் அந்தச் சக்கரத்தின் எடைக்குக் கணக்குப் போட்டுச் செய்தவை. கணக்குப் போட்டவர்களும் தூரத்தில் இல்லை: மஹிந்திராவின் ஆராய்ச்சி மையம் செங்கல்பட்டு பக்கம்தான்.

புது டயரை ரிம்மோடு அரிசி மண்டித் தராசில் ஏற்றினேன். பழையதைவிடப் பத்துக் கிலோ கூடுதல். பத்துக் கிலோ ஒரு பெரிய விஷயமா என்று தோன்றும். அகல டயர் கதவிலிருந்து இன்னும் வெளியே தள்ளி நிற்கிறது; பள்ளத்தில் இறங்கும்போது அதே எடை இரண்டு மூன்று மடங்காகக் கீலை இழுக்கிறது. ஸ்டெப்னி மட்டும் பழைய அளவிலேயே இருக்கட்டும் என்றும் விட முடியாது. நாலு சக்கர இழுவையில் ஓட்டும்போது ஒரு சக்கரம் சிறுத்திருந்தால் கியர்களுக்குள் இழுபறி. ஆக, கேரியர் வாங்கித்தான் ஆக வேண்டும்.

சென்னையில் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை எல்லாம் சுற்றினேன். கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, கதவையும் கீலையும் பலப்படுத்தும் பட்டை. இன்னொன்று, சேஸிஸில் முடுக்கிய இரும்புப் பம்பர். அதில் கதவைத் தொடாமல் தனியாகச் சுழன்று திறக்கும் கை.

"பவுடர் கோட்டிங் சார், துருவே பிடிக்காது" என்றார் ஒரு கடைக்காரர். முந்தானையை விரித்துக் காட்டி நானும் இப்படித்தான் விற்கிறேன். விவரம் தெரிந்த அம்மா வந்தால் முந்தானையைப் பார்க்க மாட்டார். புடவையைத் திருப்பிப் போட்டு, உடலும் கரையும் சேரும் கோர்வையை விரலால் தடவுவார். கேரியரையும் அப்படித் திருப்பினேன். முன்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னியது. பின்பக்கம் வெல்டிங் அங்கங்கே பொட்டு வைத்ததோடு சரி.

படத்தை எடுத்து வந்து எங்கள் ஊர் லேத் பட்டறை பாயிடம் காட்டினேன். "எடை எங்க போய் உக்காருதுன்னு பாருங்க சார். கதவுல உக்காந்தா வேணாம், சேஸிஸ்ல உக்காந்தா வாங்குங்க" என்றார். பிறகு வரிசையாகச் சொன்னார். கை சுழலும் இடத்தில் டேப்பர் பேரிங்கும் கிரீஸ் நிப்பிளும் வேண்டும். பூட்டு தெறித்தாலும் கை திறந்துகொள்ளாதபடி இன்னொரு பின் வேண்டும். சரிவில் நிறுத்தினால் கை தானாக வந்து அடிக்காமல் தாங்கும் கம்பி வேண்டும். ஸ்டெப்னி உயர்ந்தால் நடு பிரேக் விளக்கையும் கேமராவையும் மறைக்கும். இடம் மாற்ற வேண்டும். நம்பர் பிளேட்டும் அதன் விளக்கும் தெரிய வேண்டும். பம்பர் எடையில் பின் ஸ்பிரிங் இறங்கினால் ஹெட்லைட் எதிரே வருபவன் கண்ணில் அடிக்கும்.

கடைசியாக, "உங்க தெருவுல கையைத் திறக்க இடம் இருக்கா?" என்றார். நான் இருப்பது பிள்ளையார்பாளையம். காலையில் தெரு நீளத்துக்கு நெசவுப் பாவு நீட்டியிருப்பார்கள். ஒரு மீட்டருக்கு மேல் சுழலும் இரும்புக் கையை அங்கே திறந்தால் யாருடைய பட்டு இழையிலாவது மாட்டும்.

சட்டமும் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அன்று இரவு கடைக் கணக்கு நோட்டிலேயே எழுதிப் பார்த்தேன். பம்பர், கை, ஸ்பிரிங், கேமரா, விளக்கு. ஒவ்வொன்றையும் அதற்கு முன்னால் இருப்பது கேட்கிறது. மேலே போகப் போக, முதல் வரியில் டயர். அதை மட்டும் யாரும் கேட்கவில்லை; நானாக எழுதியது.

பெரிய டயர்களை, காட்டுப் பாதையில் தோட்டம் வைத்திருக்கும் ஒருவருக்கு விற்றேன். சேஸிஸில் உட்காரும் கேரியர் அவருக்குத் தேவை, வாங்கவும் சொன்னேன். என் வண்டிக்குக் கம்பெனி அளவிலேயே, கரடுமுரடுக்கு ஏற்ற பட்டன் உள்ள டயர் வந்தது. ஸ்டெப்னி பழைய கதவிலேயே தொங்குகிறது.

இப்போது எந்தக் கேரியர் நல்லது என்று கடைக்கு வந்து கேட்கிறார்கள். டயரை எதற்கு மாற்றினீர்கள் என்று முதலில் கேட்கிறேன். பாதிப் பேர் சிரித்துவிடுகிறார்கள். அவர்களுக்குக் கேரியர் வேண்டாம்.