ஏரிக்கரை ஊர்கள்

கள்ளிக்குப்பம் அம்பத்தூருக்கு வடகிழக்கே, புழல் ஏரியின் தென்புறத்தில் இருக்கிறது. அம்பத்தூரோடு சேர்ந்து 2011-ல் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. புதிதாக வருபவர் கண்ணில் முதலில் படுவது மனை விற்பனைப் பலகைகளும் லாரிகளும் தொழிற்பேட்டைக்கு விரையும் ஷிப்ட் கூட்டமும்தான். சுற்றிப்பார்க்க இங்கே என்ன இருக்கிறது என்று உள்ளூர்க்காரர்களே கேட்பதுண்டு. இந்தப் பக்கத்து நிலத்தையும் வரலாற்றையும் அறிய ஏரியிலிருந்து தொடங்குவதே வசதி.

இந்த ஊர்கள் அடங்கிய தொண்டை மண்டலத்தில் ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடும் பெரிய ஆறு கிடையாது. மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். நிலமோ மேற்கிலிருந்து கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. சரிவின் தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவில் மண்கரை போட்டால், மேட்டில் பெய்த மழை அங்கே வந்து தேங்கும். மேட்டுப் பக்கத்துக்குக் கரை தேவையில்லை. தண்ணீர் ஏற ஏற ஏரி அந்தப் பக்கம் விரியும், வற்ற வற்றச் சுருங்கும். வயலுக்குத் தண்ணீர் விட மதகு. நிரம்பியபின் மிச்சம் வழிய, கரையின் ஓரத்தில் கருங்கல் கலங்கல். அது வழிந்தால் ‘ஏரி கோடி போகிறது’ என்பார்கள். மேல் ஏரியின் மிச்சம் கீழ் ஏரிக்கு வரவு. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்குத் தண்ணீர் வரும்.

எல்லா ஏரியும் இப்படி மனிதர் கட்டியதல்ல. ஐஸ்லாந்தின் மிகப் பெரிய இயற்கை ஏரியான திங்வாட்லவாட்ன், பூமியின் இரண்டு தட்டுகள் விலகும் பள்ளத்தில் தானாக உண்டானது. தொண்டை மண்டலத்து ஏரியோ மண்வெட்டியும் கூடையும் உண்டாக்கியது. கூழைக்கடாவும் நாமக்கோழியும் நத்தைக்குத்தி நாரையும் அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. தண்ணீரும் மீனும் இருந்தால் வந்துவிடுகின்றன.

இந்தப் பக்கத்து ஏரிகளில் பெரியது புழல். 1870-களில் இது சென்னையின் குடிநீர் ஏரியானது. 1914-ல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையமும், 1944-ல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கமும் வந்தன. 1996 முதல் கிருஷ்ணா நீரும் பூண்டி வழியாக வருகிறது. புழலின் கொள்ளளவு 3.3 டி.எம்.சி. மிஞ்சிய நீர் உபரிக் கால்வாயில் வடகரை, கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் வழியே கடலுக்குப் போகும். 2019 கோடையில் புழல் உட்பட நகரின் குடிநீர் ஏரிகள் ஏறத்தாழ வறண்டே போயின. வயலுக்காக வெட்டிய மற்ற ஏரிகளுக்கு வேறு தொல்லை: சுற்றிலும் வயல் போய் வீடு வந்ததால் மதகுக்கு வேலையில்லை, வரத்துக்கால்வாயில் மழைநீரோடு கழிவுநீரும் வருகிறது. ஆகாயத்தாமரை படர்ந்திருக்கும் இடமெல்லாம் அதன் அடையாளம்.

புழல் என்ற பெயர் குடிநீர் ஏரியை விடப் பழையது. தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் புழற்கோட்டமும் ஒன்று. அங்கே கோட்டை கட்டியிருந்த குறும்பர்களோடு தொண்டைமான் என்ற மன்னன் போரிட்ட கதையை அருகிலுள்ள வட திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயில் சொல்கிறது. யானையின் காலில் சுற்றிய முல்லைக்கொடியை மன்னன் வாளால் வெட்ட, அடியில் இருந்த லிங்கத்தில் வெட்டு விழுந்ததாம். அந்தக் காயத்துக்காக லிங்கத்துக்கு ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பு. சித்திரை மாதச் சதய நட்சத்திரத்தை ஒட்டித்தான் அது களையப்படும். போருக்குத் துணை புறப்பட்ட நந்தி, சுவாமிக்கு முதுகைக் காட்டி வெளியே பார்த்து உட்கார்ந்திருக்கிறது. சன்னதி முன்னால் நிற்கும் இரண்டு எருக்கந்தூண்கள் குறும்பர் கோட்டையிலிருந்து வந்தவை என்பது ஐதிகம். சுந்தரர் பதிகம் பெற்ற தலம் இது. அம்மன் கொடியிடை நாயகி. வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் சேரும் நாளில் காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் கொடியிடையம்மன் என்று மூவரையும் ஒரே நாளில் தரிசிக்கும் வழக்கம் உண்டு.

வர ஏற்ற காலம் மார்கழி, தை. மழை ஓய்ந்து ஏரிகள் நிரம்பியிருக்கும். வலசைப் பறவைகளும் வந்திருக்கும். சென்ட்ரலிலிருந்து ஆவடி, அரக்கோணம் செல்லும் மின்ரயில்கள் கொரட்டூர், அம்பத்தூர், திருமுல்லைவாயில் நிலையங்களில் நிற்கும். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடியதும் இந்தத் தடத்தில்தான். காலையில் கொரட்டூர் ஏரிக்கரை, மாலையில் திருமுல்லைவாயில் கோயில் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் போதும்.