மாட்டுங்காவில் மணக்கும் காப்பி

நெடுந்தூரம் சென்றால்தான் பயணம் என்பது நம்மவரிற் பலருடைய எண்ணம். விடுமுறை கிடைத்ததும் மகாபலேசுவரத்துக்கும் எல்லோராவுக்கும் புறப்பட்டு விடுகிறோம். ரயில்வேயில் எழுத்தராக இருந்து நாள்தோறும் பிறருடைய பயணங்களுக்குக் கணக்கெழுதும் நமக்கோ, மின்சார வண்டியில் சென்று அரை நாளில் திரும்பக்கூடிய இடங்களின்மீதே பற்று மிகுதி. மும்பையில் அத்தகைய இடங்களுள் தலையாயது மாட்டுங்கா. அங்கே முதலில் காணத்தக்கவை காப்பிக் கடைகள்.

டோம்பிவிலி, முலுண்டு அன்பர்கள் எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டியில் ஏற வேண்டும். விரைவு வண்டி மாட்டுங்காவில் நிற்பதில்லை. செம்பூர் அன்பர்கள் குர்லாவில் மாறிக் கொள்ளலாம். மேற்கு இருப்புப்பாதையில் வருவோர் மாட்டுங்கா ரோடில் இறங்கி நடைபாலத்தைக் கடந்து வரலாம். ஊழியர் அனைவரும் மகளிரே என்னும் பெருமையை 2017-இல் பெற்றது மாட்டுங்கா நிலையம். அதன் கிழக்கு வாயிலைத் தாண்டியதும் மல்லிகைச் சரமும் வாழையிலையும் கண்ணுக்குத் தெரியுமுன், வறுத்த காப்பிக் கொட்டையின் மணம் நம்மை எதிர்கொண்டு அழைக்கிறது.

இந்த மணம் இங்கே குடியேறிய கதை சுவையானது. 1896-இல் பிளேக் நோய் பம்பாயைச் சூறையாடிய பின், 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்டு அமைந்தது. நெருக்கடி மிகுந்த தென்பகுதியிலிருந்து மக்களை வடக்கே குடியேற்றும் நோக்கத்துடன் அந்த டிரஸ்டு வகுத்த திட்டங்களுள் தாதர்-மாட்டுங்கா ஒன்று. 1915-இல் ரயில்வே பட்டறையும் இங்கே எழுந்தது. கணக்கும் தட்டெழுத்தும் கற்ற தென்னாட்டு இளைஞர் பலர் வேலை தேடி வந்து இந்த வட்டாரத்தில் தங்கினர். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. பிள்ளைகளுக்குப் பள்ளி கிடைத்தது. ஓர் அறையில் பலராகக் கூடி வாழ்ந்த பிரமசாரிகளுக்கோ அடுப்பு இல்லை. அவர்களுக்கு அடுப்பாக அமைந்தவையே இந்தக் கடைகள்.

ஆண்டு வரிசையைக் கேளுங்கள்: கஃபே மைசூர் 1936, ராம் ஆசிரயா 1939, கஃபே மெட்ராஸ் 1940, ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942. ஏழு ஆண்டுகளுக்குள் நான்கு கடைகள்! பெயர்ப்பலகையில் ‘மெட்ராஸ்’ என்று கண்டவுடன் நம்மவர் உள்ளம் பூரிக்கும். ஆயினும் இக்கடைகளைத் தோற்றுவித்தவர்கள் கன்னடக் கடற்கரையிலிருந்து வந்தவர்கள். துளுவும் கொங்கணியும் கன்னடமும் அவர்கள் வீட்டு மொழிகள். சிறு வயதிலேயே ஊரை விட்டு இங்கு வந்து பிறர் கடையில் உழைத்து முன்னேறியவர் ராம நாயக். நம்மைப் போலவே பிழைப்புத் தேடி வந்தவர்கள், நமக்கு நம் ஊர்க் காப்பியை ஆற்றிக் கொடுத்தார்கள் என்பதை நினைக்கும்போது நெஞ்சம் நெகிழ்கிறது.

அந்தக் காப்பியைச் சற்றே ஆராய்வோம். பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதான் என்னும் பெரியார் ஏமன் நாட்டிலிருந்து ஏழு கொட்டைகளைக் கொணர்ந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழி வரும் செய்தி. இன்றும் இந்தியக் காப்பியில் பத்தில் ஏழு பங்கு கர்நாடகத்திலேயே விளைகிறது. சிக்கரிக்கு நாம் தொலைவு போக வேண்டியதில்லை; பக்கத்துக் குஜராத்திலேயே அதைப் பயிரிடுகிறார்கள். மாட்டுங்காவின் பொடிக் கடைகளில் ‘பீபரி எவ்வளவு, பிளான்டேஷன் எவ்வளவு, சிக்கரி எத்தனை பங்கு?’ என்று கேட்டு, நம் கண்ணெதிரே அரைத்துத் தருகிறார்கள். பொடி சூடாக இருக்கும்போதே டப்பியை இறுக மூடிவிடாமல், ஆறிய பின் மூடுவது நன்று. வெந்நீர் பொடியினூடே சொட்டுச் சொட்டாக இறங்க நேரம் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டு அசைப்பவருக்கு மண்டியே மிஞ்சும். கடைகளில் அந்த டிகாக்ஷனுடன் கொதிக்கும் பால் கலந்து, டபராவில் டம்ளரை நிறுத்தி நுரை பொங்கக் கொண்டு வந்து வைக்கிறார்கள்.

ஞாயிறு காலையில் தனி மேசை கிடைக்கும் என்று எவரும் எண்ண வேண்டா. முன்பின் அறியாதவருடன் ஒரே மேசையில் அமர வேண்டும். சென்ற மாதம் நமக்கு எதிரே அமர்ந்தவர் ஒரு மராட்டியப் பெரியவர். டம்ளரைத் தொட்டுக் கையைச் சட்டென்று இழுத்துக் கொண்ட நம் மகனுக்கு, டபராவில் ஊற்றி ஆற்றும் வகையை அவரே செய்து காட்டினார். “என் தந்தையார் இதே கடையில் எனக்குக் கற்றுக் கொடுத்தார்” என்று இந்தியில் சொல்லி முறுவலித்தார்.

அம்முறுவலின் அருமையை உணர, பழைய செய்தி ஒன்றையும் நினைவு கூர வேண்டும். 1966-இல் சிவசேனை தோன்றியபோது, தென்னாட்டார் உள்ளூர் மக்களின் வேலைகளைப் பறிக்கின்றனர் என்ற முழக்கம் எழுந்தது. அக்காலத்தில் உடுப்பி ஓட்டல்கள் பல தாக்கப்பட்டன. நம் வீடுகளில் அந்நாட்களைக் கண்ட முதியோர் இன்னும் இருக்கிறார்கள். அச்சம் நிலவிய அந்த ஊரில் இன்று மராட்டியரும் குஜராத்தியரும் தம் பிள்ளைகளுடன் இட்டலிக்கும் காப்பிக்கும் வரிசையில் நிற்கிறார்கள். கூட்டம் போட்டுச் செய்ய முடியாத இணக்கத்தை நாள்தோறும் ஆற்றிக் கொடுத்த காப்பி செய்திருக்கிறது. துளுவரும் கொங்கணியரும் ஆக்கி, தமிழர் உண்டு, மராட்டியர் பேணும் இக்கடைகளை எவர் ஒருவரும் தமக்கே உரியவை என்று கூற இயலாது.

எனினும் கவலை ஒன்று உண்டு. இந்நகரில் நிலத்தின் விலை நாளும் ஏறுகிறது. பழைய கட்டடங்கள் இடிந்து அடுக்குமாடிகள் எழுகின்றன. குடும்பம் ஒன்று கல்லாவில் அமர்ந்து நடத்தும் கடை, நாள்தோறும் வரும் வாடிக்கைக்காரரை நம்பியே நிற்கிறது. குளிரூட்டிய கூடங்களில் பெரிய கம்பெனிகள் விற்கும் காப்பிக்கு நம் இளைஞர் கொடுக்கும் விலையில், இங்கே ஒரு குடும்பமே சிற்றுண்டி அருந்தலாம்.

ஆதலால் அன்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு முன்னரே குழந்தைகளுடன் சென்று வாருங்கள். பின்னால் நிற்பவரை மனத்திற் கொண்டு, உண்டு முடித்ததும் எழுந்து விடுங்கள். திரும்பும்போது கால் கிலோ பொடியும் இரண்டு முழம் மல்லிகையும் வாங்கிக் கொள்ளுங்கள். வண்டியில் வீடு சேரும் வரை அந்த மணம் நம்முடனேயே வரும்.