பந்தியில் இருக்கும் பரதேசி



டிசம்பர் 2 அன்று மாலையில் துபாயின் கராமா பகுதி உணவகங்களில் இடம் கிடைப்பது எளிதன்று. 1971ஆம் ஆண்டு அதே நாளில் ஆறு அமீரகங்கள் இணைந்து ஒரே நாடாயின. ஏழாவதான ராஸ் அல் கைமா அடுத்த பிப்ரவரியில் சேர்ந்துகொண்டது. அந்தத் தேசிய தின விடுமுறையில் அங்கு வாழும் நம் மக்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான்: பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிடுவது. கன்னத்தில் சிவப்பும் பச்சையும் வெள்ளையும் கறுப்புமாக வண்ணம் தீட்டிய பிள்ளைகள், மேசை நிறையப் பரோட்டாவும் பொரித்த கோழியும்.

இதில் குற்றம் காண நான் எழுதவில்லை. ஆண்டு முழுவதும் ஓடுகிற தகப்பன், தன் பிள்ளைகளின் எதிரே அமர்ந்து நிதானமாய் உண்ணும் ஒரு மணி நேரம் கர்த்தருடைய ஈவு. (கைபேசியை மட்டும் பைக்குள் வைத்துவிடுங்கள்.)

அந்த மேசையில் உங்கள் பிள்ளை ஒரு கேள்வி கேட்கக்கூடும்: "அப்பா, இது நம்ம நாட்டுப் பண்டிகையா?" பல பெற்றோர், "இல்லை, நமக்கு ஆகஸ்டு 15" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். பொய்யன்று, அங்கே பிறந்ததனால் மட்டும் நம் பிள்ளைக்கு அந்த நாட்டின் குடியுரிமை கிடைப்பதில்லை. ஆனால் அந்தப் பதில் போதாது. பிள்ளை நடை பழகிய மண் அது. நாம் 'ஊர்' என்று சொல்வது அதற்கு ஒரு கோடை விடுமுறை மாத்திரமே. பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தை 29ஆம் அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள். திரும்பும் நாளை எண்ணிக்கொண்டு சும்மா இருக்க அவர் சொல்லவில்லை. வீடு கட்டவும், தோட்டம் வைத்து அதன் பலனை உண்ணவும், அந்தப் பட்டணத்தின் நன்மைக்காக ஜெபிக்கவும் சொன்னார். நம்மவர்கள் சிறைப்பட்டுப் போனவர்கள் அல்லர், விசா வாங்கிப் போனவர்கள். அப்படியானால் அந்த நன்றி நமக்கு இன்னும் அதிகமாகவே தகும். "நமக்குச் சாப்பாடு கொடுக்கிற நாடு இன்றைக்குச் சந்தோஷமாய் இருக்கிறது, நாம் அதன் விருந்தாளிகள்" என்று சொல்லுங்கள். பிள்ளைக்குப் புரியும்.

இனி, என் மனதை அதிகமாய்த் தொட்ட காரியத்துக்கு வருகிறேன். உபாகமம் 16ஆம் அதிகாரம், கூடாரப் பண்டிகையில் யார் யார் மகிழவேண்டும் என்று பட்டியலிடுகிறது. வீட்டுப் பிள்ளைகளோடு அது நின்றுவிடவில்லை. வேலைக்காரர், லேவியர், பரதேசி, தாய் தகப்பன் இல்லாதவர், விதவை என்று நீளுகிறது. 'பரதேசி' என்பதை நம் பேச்சு வழக்கில் வசைச் சொல்லாக்கிவிட்டோம். பிற தேசத்தான் என்பதே அதன் பொருள். துபாயில் அந்தப் பரதேசி நீங்கள்தான். ஆனால் உங்கள் மேசைக்குத் தண்ணீர் கொண்டுவருகிற சகோதரனும் பரதேசியே, அதோடு வேலைக்காரரும்கூட. அந்தப் பட்டியலில் அவருக்கு இரண்டு இடம்!

உங்களுக்கும் அவருக்கும் நடுவே இருப்பது ஒரு சம்பளக் கணக்கு. மனைவி மக்களைத் தம்மோடு வைத்துக்கொள்ள அங்கே மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம் வேண்டும். அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் வேண்டும். மேசை துடைக்கிற பலருக்கு அந்தத் தொகை எட்டாது. ஆகவே அவருடைய பிள்ளைகள் கடையநல்லூரிலோ கோழிக்கோட்டிலோ இருக்கிறார்கள். நாடு விடுமுறையில் இருக்கும் நாளே உணவகத்தில் அதிக வேலையுள்ள நாள். துபாயில் இரவு ஒன்பது மணியாகிக் கூட்டம் சற்றுக் குறையும்போது இந்தியாவில் மணி பத்தரை. மறுநாள் பள்ளிக்கூடம்; பிள்ளைகள் உறங்கியிருப்பார்கள்.

இதற்கு நீங்கள் என்ன செய்ய முடியும்? சட்டத்தை மாற்ற முடியாது. ஆனால் நேரத்தோடே போய் உண்டு, காத்திருப்போருக்கு இடம் விடலாம். தட்டுகளைப் பிள்ளைகளைக் கொண்டே ஒன்றாய் அடுக்கச் செய்யலாம். கையில் கொடுக்கிற பணத்தை, இரக்கம் காட்டுகிற முகத்தோடு அல்லாமல், உறவுக்காரருக்குக் கொடுப்பதுபோலக் கொடுக்கலாம். அவருடைய பெயரைக் கேட்கலாம். வாரந்தோறும் போகிற கடையிலேகூட நம்மில் பலர் அதைக் கேட்பதில்லை.

நான் அறிந்த ஒரு குடும்பம் அப்படிக் கேட்டது. "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா அண்ணே?" என்று தாய் விசாரித்தபோது, மூன்றாம் வகுப்பில் ஒரு மகள் என்றார் அவர். "நானும் மூணாவதுதான்!" என்றாள் மேசையிலிருந்த சிறுமி. பள்ளியில் தான் வண்ணம் தீட்டியிருந்த காகிதக் கொடியை எடுத்து, "அவங்களுக்குக் குடுங்க அங்கிள்" என்று நீட்டினாள். அவர் கையை மேல்துணியில் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். கசங்காமல் இரண்டாய் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த மேசைக்குப் போனார்.