"நான் ஸ்டேஷனுக்குப் போனா, ஊர்ல காணாமப் போனதெல்லாம் என் கணக்குல வந்துடும்!" - கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கடப்பாரை திருட்டு

காணாமல் போனவை இவைதான். ஒரு கடப்பாரை. கையால் சுற்றிப் புகை போடும் ஒரு தகர மிஷின். ஒரு மண்வெட்டி. இவை மூன்றையும் சுற்றிக்கட்டியிருந்த யூரியா சாக்கு. அந்தச் சாக்குக்குள் இன்னொரு பொருளும் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

கவரைப்பேட்டையிலிருந்து சத்தியவேடு போகும் சாலையை ஒட்டிய ஓர் இருளர் குடியிருப்பில் இருக்கிறார் அந்தப் பெரியவர். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஆதார் கார்டில் ஜனவரி 1 என்று போட்டிருப்பதால், அவருக்கே சரியாகத் தெரியாது. எலி பிடிப்பதுதான் தொழில். அறுவடை முடிந்த வயலிலும், கதிர் பிடிக்கும் நேரத்தில் வரப்புகளிலும் வளை தேடிப் போவார். சம்பா, நவரை, சொர்ணவாரி என்று திருவள்ளூர் மாவட்டத்தில் மூன்று பட்டம் நெல் போடுகிறார்கள். மூன்றிலும் எலிக்குப் பங்கு உண்டு. அதனால் அவருக்கும் வேலை உண்டு.

அன்று மாலை வேலை முடிந்தபோது இரண்டு வரப்பு பாக்கி. மறுநாள் காலை அதே இடத்துக்குத்தான் வரவேண்டும். சாமான்களைச் சாக்கில் கட்டி, ஏரிக்கரைக்குப் பின்னால் தைலமரத் தோப்பும் சீமைக் கருவேலமும் கலந்து கிடக்கிற காட்டில், ஒரு புதருக்கு அடியில் தள்ளி, மேலே முள்ளை இழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். காலையில் போனால் முள் ஒரு பக்கம் கிடக்கிறது. சாக்கைக் காணோம். பக்கத்திலேயே வைத்திருந்த இரண்டு மூங்கில் மீன் பறிகள் அப்படியே இருந்தன. எடுத்தவனுக்கு இரும்பு மட்டும்தான் வேண்டியிருந்திருக்கிறது.

"அவ்ளோ கனமான சாமானை ஏங்க காட்டுல வுட்டுட்டு வந்தீங்க, வீட்டுக்கு எடுத்துனு வரலாமே?" என்று எல்லோரும் கேட்டார்கள். மருமகள்கூடக் கேட்டாள். அவர் சொன்ன பதில்தான் இந்தக் கதையின் மையமே.

"ராத்திரியில கடப்பாரைய தோள்ல வெச்சிக்கினு ரோட்டுல நடந்து பாரும்மா தெரியும். பேட்ரோல் வண்டி நிக்கும். 'எங்கடா போற, எந்த வூட்ட இடிக்கப் போற'ன்னு கேப்பாங்க. எலி புடிக்கறேன்னு சொன்னா சிரிப்பாங்க. ஒரு தபா ஏத்திக்கினு போய் காலைல வரைக்கும் குந்த வெச்சாங்க. அப்பலேர்ந்து சாமான இருட்டுல எடுத்துனு வர்றதில்ல."

வீட்டுக்காரர் கையில் இருந்தால் கடப்பாரை ஒரு வேலைச் சாமான். இருளர் கையில் இருந்தால் அது பூட்டு உடைக்கிற ஆயுதம். 2021-ல் வந்த 'ஜெய் பீம்' படத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாம்பு பிடிக்க வீட்டுக்குள் கூப்பிட்டார்கள், பிறகு நகையைக் காணோம் என்றார்கள், பழி யார் மேல் விழுந்தது என்பது நினைவிருக்கும். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 1.9 லட்சம் இருளர்கள் இருக்கிறார்கள். மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியுள்ள ஆறு சமூகங்களில் அவர்களும் ஒன்று. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமைகளாகக் கிடந்து மீட்கப்பட்ட குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் இன்னும் இருக்கின்றன. அந்தப் பெரியவரும் சின்ன வயதில் ஒரு சூளையில் இருந்தவர்தான். அந்தக் கதையைப் பேச அவருக்கு விருப்பமில்லை. கடப்பாரையைப் பற்றி என்றால் பேசுவார்.

அது அவருடைய அப்பா வாங்கியது. வாங்கும்போது நெஞ்சு உயரம் இருந்ததாம். முனை மழுங்க மழுங்கப் பொன்னேரியில் ஒரு கொல்லர் பட்டறையில் கொடுத்துத் தட்டித் தட்டி, இப்போது இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தது. கை பிடிக்கிற இடம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. வளை தோண்டுவதற்குக் கனமும் வேண்டும், தூக்கித் தூக்கிப் போடக் கையும் வலிக்கக் கூடாது. புதுக் கடப்பாரை அந்தப் பதத்துக்கு வரப் பல வருஷம் ஆகும் என்கிறார்.

எலி பிடிப்பது குத்துமதிப்பான வேலை என்று நினைத்தால் தவறு. ஒரு வளைக்கு வாசல் ஒன்றல்ல. நுழைகிற வாசலில் புது மண் குவிந்திருக்கும். தப்பி ஓடுகிற வாசல்களை எலி மெல்லிய மண்ணால் மூடியோ புல்லுக்குள் மறைத்தோ வைத்திருக்கும். முதலில் அவற்றைத் தேடிக் கண்டுபிடித்துச் சேற்றால் அடைக்க வேண்டும். பிறகு பிரதான வாசலில் புகை போட வேண்டும். அந்தக் காலத்தில் இதற்கு ஒரு மண்சட்டிதான். சட்டிக்குள் வைக்கோலைத் திணித்து நெருப்பு வைத்து, வாயை வளையில் கவிழ்த்து, அடியில் இருக்கிற ஓட்டையில் உதட்டை வைத்து ஊதுவார்கள். உதடு வெந்துபோகும், கை சுடும். ஊதுகிறவர் மூச்சுக்குள்ளும் பாதிப் புகை போகும். இருமல், மார்வலி இதெல்லாம் தொழிலோடு வந்த சொத்து.

இதை மாற்ற, சென்னையைச் சேர்ந்த ஒரு தொண்டு நிறுவனம் கையால் சுற்றுகிற புகை மிஷின் ஒன்றை உருவாக்கியது. உலக வங்கி நடத்திய ஒரு புதுமைத் திட்டப் போட்டியில் 2003-ல் அதற்கு நிதியும் கிடைத்தது. இரும்புக் குடுவை, உள்ளே சின்ன விசிறி, பக்கத்தில் ஒரு கைப்பிடி. சுற்றினால் புகை உள்ளே போகும், வாய் வைக்கத் தேவையில்லை. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்து இருளர் குடும்பங்களுக்குத்தான் முதலில் கொடுத்தார்கள். பெரியவர் வைத்திருந்தது அந்த வகைதான். கைப்பிடி உடைந்து சைக்கிள் பெடல் தண்டு வைத்துப் பற்றவைத்த மிஷின். இப்போது அதுவும் போய்விட்டதால் மறுபடி மண்சட்டி.

பிடித்த எலி அவருடையது. அதோடு இன்னொன்றும் உண்டு. வளைக்குள் எலி சேர்த்து வைத்திருக்கும் நெல்லைத் தோண்டி எடுத்தவருக்கே கொடுத்துவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். நல்ல வளையாக அமைந்தால் முறத்தில் புடைத்தெடுக்கும் அளவுக்கு நெல் கிடைக்கும். விவசாயிக்கும் லாபம்தான். விஷ மருந்து வைத்தால் எலியோடு முடியாது. செத்த எலியைத் தின்கிற ஆந்தையும் நாயும் சேர்ந்து போகும். கடப்பாரைக்காரர் வந்தால் அந்தப் பிரச்னை இல்லை.

அதனால்தான் அந்த வயல்காரர் பதறிப்போனார். கதிர் பால் பிடித்து நிற்கிற நேரம், இரண்டு வரப்பு எலி அப்படியே இருக்கிறது. "வாய்யா, நான் கூட வர்றேன். ஸ்டேஷன்ல ஒரு மனு குடுத்துடலாம்" என்று வண்டியையே எடுத்துவிட்டார்.

"வாணாம்ங்க. நான் ஸ்டேஷனுக்குப் போனா, ஊர்ல காணாமப் போனதெல்லாம் என் கணக்குல வந்துடும்."

சரி, போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்கு 303-வது பிரிவு. திருடுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, திருடியவருக்கு அது முதல் குற்றமாகவும் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவைதான் தண்டனை. அதோடு, இந்த அளவுச் சின்னத் திருட்டில் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் தானாக விசாரணையில் இறங்க முடியாது. முதல் தடவை தவறு செய்கிறவர்களைச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்பது நல்ல யோசனைதான். ஆனால், ஒரு மனிதரின் மொத்தத் தொழிலும் 5,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும்போது, அவருக்கு நடந்த திருட்டு சட்டத்தின் கண்ணில் சின்னத் திருட்டாகிவிடுகிறது. பெரியவருக்கு இந்தப் பிரிவெல்லாம் தெரியாது. தெரியாமலேயே சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்.

அவர் போகாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாக்குக்குள் இருந்த அந்த இன்னொரு பொருள். அது கம்பிச் சுருள், முயல் கண்ணி.

"பழசுங்க. போட்டு வருஷக்கணக்காச்சு. சும்மா கெடந்துச்சு" என்கிறார். இருக்கலாம். மருமகள் அந்த நேரத்தில் அடுப்படிப் பக்கம் எழுந்துபோனாள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எலியைத் தொல்லை உயிரினங்களின் பட்டியலில் வைத்தது, அதைப் பிடிக்கத் தடையில்லை. முயல், கவுதாரி, உடும்பு அப்படியில்லை. உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு, பொதுவான விதிமீறலுக்கே மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் போகலாம். பழங்குடிகளுக்குக் காட்டின் மேல் உரிமை தந்த 2006 வன உரிமைச் சட்டம்கூட, பாரம்பரிய உரிமைகளைப் பட்டியல் போடும் இடத்தில் வேட்டையை மட்டும் வெளியே நிறுத்திவிட்டது. கண்ணியில் தவறும் இருக்கிறது. மாட்டுகிற விலங்கு எது என்று கம்பிக்குத் தெரியாது, முயலுக்கு வைத்ததில் நரியும் நாயும் மாட்டிச் சாகும். ஆக, தன்னிடமிருந்து என்னென்ன திருடுபோனது என்று முழுசாக எழுதிக் கொடுக்க முடியாத நிலையில் அவர் இருந்தார்.

இந்தச் சமூகத்துக்கு இது புதிதல்ல. ஒரு காலத்தில் பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1970-களில் தோல் ஏற்றுமதி தடையானதும் ஒரே நாளில் பிழைப்பு குற்றமானது. பிறகு 1978-ல் ரோமுலஸ் விட்டேகர் முயற்சியில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, காட்டிலேயே விட்டுவிடும் முறை. அந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா வரை போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டினார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. அவர்கள் கையிலும் கம்பிதான் இருந்தது. எலி பிடிக்கிறவர்களுக்கு அப்படி ஒரு சங்கமோ, காட்டுவதற்கு ஒரு அடையாள அட்டையோ இருந்திருந்தால் அந்தப் பேட்ரோல் வண்டி இரவு வேறு மாதிரி முடிந்திருக்கும்.

அமெரிக்கா என்றதும் ஒன்று. அங்கே மான் வேட்டைக்காரர்கள் மரத்தில் ஏறி உட்காரும் இருக்கையையும், விலங்கு நடமாட்டத்தைப் படம் பிடிக்கும் கேமராவையும் வாரக்கணக்கில் காட்டிலேயே விட்டு வைக்கிறார்கள். அங்கும் திருட்டு சகஜம். மரத்தோடு பூட்டக் கேபிள் பூட்டு விற்கிறது. சில மாகாணங்களில், பொதுக்காட்டில் விட்டுவரும் இருக்கையில் பெயரோ உரிம எண்ணோ எழுதியிருக்க வேண்டும் என்றே விதி. இங்கே தஞ்சாவூர்ப் பக்கம் மூங்கில் கிட்டி வைக்கிறவர்களும் சாயங்காலம் வயலில் வைத்துவிட்டு விடிந்ததும்தான் எடுப்பார்கள். வேட்டைச் சாமான் வெளியில் கிடப்பது உலகம் முழுக்க உள்ள பழக்கம். பெயர் எழுதி வைக்கலாமா கூடாதா என்பதில்தான் வித்தியாசம்.

அவர் சும்மா இருந்துவிடவில்லை. இரண்டு நாள், சாலையோரக் காயலான் கடைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். மூன்றாவது கடையில் மிஷினின் கைப்பிடி கிடைத்தது. சைக்கிள் பெடல் தண்டு, அதே பற்றவைப்பு. குடுவை நசுங்கித் தட்டையாகிவிட்டது. கடப்பாரை? "நேத்து சாயந்தரம் லோடு போயிடுச்சு பெரியவரே" என்றார் கடைக்காரர். யார் கொண்டுவந்தது என்று கேட்டதற்கு, "தினம் அம்பது பேர் வர்றாங்க" என்று மட்டும் சொன்னார். கைப்பிடிக்குக் காசு வாங்கவில்லை.

லோடு எங்கே போகும் என்பது அந்தக் குடும்பத்துக்கு நன்றாகத் தெரியும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் சுற்றிலும் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் இருக்கின்றன. அவருடைய மகன் அப்படி ஓர் ஆலையில்தான் காண்ட்ராக்ட்டில் லோடு இறக்குகிறான். "தேடிப் பாக்கட்டா நைனா?" என்று கேட்டிருக்கிறான். மலை மாதிரி குவிந்திருக்கும் இரும்பில் எங்கே தேடுவது? ஆனாலும் இரண்டு ஷிஃப்ட் பார்த்திருக்கிறான். கிடைக்கவில்லை.

நாலு கிலோ இரும்புக்கு எடுத்தவனுக்கு நூறு, நூற்றிருபது ரூபாய் கிடைத்திருக்கும். ஒரு குவார்ட்டருக்குக்கூடக் காணாது.

ஒளித்து வைக்க இடமும் குறைந்துகொண்டே வருகிறது. தேர்வாய் கண்டிகையில் ஊர்க்காரர்கள் எதிர்த்துப் போராடியும், மேய்ச்சல் காட்டு நிலம் சிப்காட்டுக்குப் போனது. பக்கத்திலேயே கண்ணன்கோட்டையைச் சேர்த்து, சென்னைக்குக் குடிநீர் தர நீர்த்தேக்கம் கட்டி 2020 நவம்பரில் திறந்தார்கள். கம்பெனியும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். ஆனால், மிஞ்சிய புதர்க்காட்டில் இப்போது எல்லோரும் நடக்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்து குறுக்கு வழியில் போகிறவர்கள், பாட்டிலோடு வருகிறவர்கள், இரும்பு பொறுக்குகிறவர்கள். முன்பெல்லாம் அந்தப் புதருக்குள் வேறு யாரும் கை விடமாட்டார்கள், பாம்புக்குப் பயந்து.

வயல்காரர் முன்பணமாகக் கொடுத்த காசில் ஒரு புதுக் கடப்பாரை வாங்கினார்கள். பொன்னேரி பட்டறையில் கொடுத்து, முதல் வேலையாக அதை இரண்டாக வெட்டச் சொன்னார் பெரியவர். கொல்லர் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் வெட்டிக் கொடுத்தார். இப்போது அது இரண்டடிதான். சோற்றுத் தூக்கோடு பைக்குள் அடங்கிவிடும், மேலே கொஞ்சம் வைக்கோல் போட்டால் வெளியே தெரியாது. தினமும் வீட்டுக்கே கொண்டுவந்துவிடுகிறார். நீளம் குறைந்ததால் நன்றாகக் குனிந்துதான் குத்த வேண்டியிருக்கிறது. ஒரு வளை முடிந்ததும் வரப்பில் உட்கார்ந்து முதுகை நிமிர்த்திக்கொண்டு, பிறகு அடுத்த வளைக்குப் போகிறார். பாக்கியிருந்த இரண்டு வரப்புக்கும் நான்கு நாள் ஆனது.